இடது இருக்கை

பேட்டரிக் கடைக்காரரின் மனைவி தன்னுடைய முப்பத்து நான்காவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, கணவரின் பழைய பந்தயக் காரில் ஏறி இடது இருக்கையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவேயில்லை. அன்று வானம் லேசாக மூட்டம் போட்டிருந்தது, மொத்தம் இருபத்தாறு கார்கள் புறப்பட்டன, அவற்றில் மூன்று வழியில் நின்றுபோயின என்று பழங்கார் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அவளைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அடுத்த வருடத்துப் பக்கத்திலிருந்துதான் அவள் வருகிறாள்.

கார் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. கூரை கிடையாது, இரண்டே இருக்கைகள், ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் நீளத்துக்கு பானெட். மூடிக்கிடந்த ஒரு ஆலையின் பின்பக்கம் எஞ்சினுக்குள் செடி முளைத்துக் கிடந்ததைக் கடைக்காரர் கண்டெடுத்து, ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏழு வருடம் பாடுபட்டு ஓட வைத்தார். சங்கம் வருடந்தோறும் நடத்தும் ராலியில் வேகமாக வருகிறவருக்குப் பரிசில்லை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தைக் கடக்கிறவருக்குத்தான் பரிசு. அதற்காக ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வழிக்குறிப்பைப் படித்து, ஸ்டாப்வாட்சைப் பார்த்து, எங்கே திரும்புவது, எவ்வளவு வேகத்தில் போவது என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள், முன்னூறு எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவள் என்பதால் மனைவியையே கடைக்காரர் உட்கார வைத்தார். அன்று பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் நேராகப் போனார். இரண்டாம் முறையும் சொன்னாள். போய்த் திரும்பி வந்ததில் ஆறு நிமிடம் போயிற்று. முடிகிற இடத்தில், சங்கத் தலைவரும் மற்றவர்களின் குடும்பங்களும் இவர்களுடைய ஒன்பது வயது மகளும் நின்றுகொண்டிருந்தபோது, கடைக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரு வழியைப் பாத்துச் சொல்லத் துப்பில்ல. இறங்கு," என்றார்.

அவள் இறங்கப் பார்த்தாள். முடியவில்லை. கோபத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தார்கள். பெண்கள் வந்து சமாதானம் சொன்னார்கள். "கோபமெல்லாம் இல்லைங்க. எழுந்திருக்க வரல," என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டு பேர் கைகொடுத்துப் பார்த்தார்கள். பிறகு நான்கு பேர் அக்குளில் கைபோட்டுத் தூக்கியபோது அவளோடு சேர்ந்து காரின் இடது சக்கரங்கள் தரையை விட்டு அரை சாண் எழும்பின. காரைக் கீழே விட்டுவிட்டு அவர்கள் கைகளைத் துடைத்துக்கொண்டார்கள். மருத்துவர் வந்து முழங்காலில் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார். இருக்கையின் தோலுக்கும் அவள் புடவைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை நுழைத்து மறுபக்கம் எடுக்க முடிந்தது. ஒட்டிக்கொள்ளவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அன்று மாலை காரோடு அவளை வீட்டுக்கு ஓட்டிவந்து கொட்டகையில் நிறுத்தினார்கள்.

சாப்பாடு கொட்டகைக்கு வந்தது. இயற்கை உபாதைகள் மூன்றாவது வாரத்தோடு நின்றுபோயின. மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார், கருத்துச் சொல்லவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காரின் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தாள். அம்மா மேலிருந்து குனிந்து கணக்கைத் திருத்தினாள். கடைக்காரர் முதல் ஆறு மாதம் நாயாய் அலைந்தார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. நரம்பு வைத்தியர், எலும்பு வைத்தியர், மனோதத்துவ நிபுணர், கப்பல்களில் பாரம் ஏற்றி இறக்கும் ஒரு பொறியாளர் வரைக்கும் கூட்டிவந்தார். அதற்குள் அடுத்த ராலி வந்தது. காரை விட்டுவிட்டு அவர் எப்படிப் போவார், காரோடு போனால் அவளை எங்கே விடுவார்? போனார்கள். பழமை கெடாத காருக்கென்று ஒரு தனிக் கோப்பையும் ராலியில் உண்டு. காரின் காலத்துக்கு ஏற்ற உடுப்பில், உடுப்பு கசங்காமல், இறங்கி ஓடாமல், காலை முதல் மாலை வரை நேராக உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவள்தான். நடுவர்கள் மூன்று பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, காரோடு முதலிலிருந்தே இருக்கும் பாகங்களுக்கான 'மூலப் பொருள்கள்' என்ற தலைப்பின் கீழ் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். கோப்பை கிடைத்தது. அதற்கடுத்த வருடமும் கிடைத்தது. கார்களை மலைப்பாதையில் ஏற்றும் பந்தயத்தில் அவளுடைய ஐம்பத்திரண்டு கிலோவைக் காரின் எடையோடு சேர்த்துக் கணக்கிட்டு, அதற்குரிய சலுகையும் கொடுத்தார்கள். மூன்றாம் வருடத்திலிருந்து வைத்தியர்கள் வருவது நின்றுபோனது. எப்போது நின்றது என்று யாருக்கும் நாள் சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

ஊருக்குப் பழகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் அவளிடமே, "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்று கேட்டார்கள், சிலர் கடைக்காரரிடம் அனுமதி கேட்டார்கள். நாலாவது வருடம் அவளுடைய அம்மா இறந்துபோனாள். பிறந்த வீட்டுத் தெரு குறுகல். கார் முனை வரைக்கும்தான் போயிற்று. மதியம் முழுவதும் வெயிலில் அவள் அங்கே காத்திருந்தாள். அம்மாவை எடுத்துக்கொண்டு போனவர்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். எட்டியவரைக்கும் கையை நீட்டினாள். விரல் நுனி அம்மாவின் கால்வரை எட்டியது. பிறகு அவர்கள் போய்விட்டார்கள். திரும்பும் வழி முழுவதும் அவள் அழுதுகொண்டு வந்ததையும், ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் காரைப் பார்த்துக் கை தட்டியதையும் மெக்கானிக் பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார். அன்று காருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தது அவர்தான்.

பதினோராவது வருடம் கடைக்காரருக்கு இடது கை விளங்காமல் போய்ச் சற்றுத் தேறியது. ஒரு பிற்பகல் அவர் கொட்டகைக்கு வந்தார். வழக்கமாகக் காரைத் துடைக்கிற துணியோடு வருவார். அன்று வெறுங்கையோடு வந்து காரின் இடது பக்கம் நின்றார்.

"அன்னிக்குப் பாலத்துக்கிட்ட நீ சரியாத்தான் சொன்ன," என்றார். "ரெண்டு தரம் சொன்ன. நான்தான் கேக்கல."

"தெரியும்," என்றாள் அவள்.

"எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் கதவைத் திறந்து நல்ல கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இருவருமே இதற்காகத்தான் இத்தனை வருடம் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது என்று, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் சொல்லியிருக்கிறாள். அவள் கால்களை ஊன்றி எழப் பார்த்தாள். அவர் இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார்கள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைச் சாத்தினார், பூட்டு சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார், உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி இருந்தது. போனார்கள்.

பதினாறாவது வருடம் கடைக்காரர் காலமானார். சங்கத்திலிருந்து மலர் வளையம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத்தையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். ஒரு மாதம் கழித்து, நாற்பது கார்கள் வைத்திருக்கும் ஒரு சேகரிப்பாளர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். நல்ல மனிதர், சட்டை மடிப்புக் கலையாமல் பேசினார். தன்னுடைய கூடத்தில் குளிர்சாதன வசதி இருப்பதாகவும், அம்மாவுக்கு எந்தக் குறையும் வராது என்றும் மகளிடம் சொன்னார். மகள் அப்போது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கொட்டகையில் நின்றாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"கழட்டிடு," என்றாள்.

"எதம்மா?"

"இந்த வண்டிய. ஒண்ணுவிடாம எல்லாத்தையும் கழட்டு. அப்பவாவது எழுந்திரிக்க முடியுதான்னு பாப்போம்."

மெக்கானிக்கை வரச் சொன்னார்கள். அவர் ஸ்பேனர்களைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு வெகுநேரம் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். "பாப்பா, இது என் கையால பூட்டுனது," என்றார். பாப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. "எனக்குத் தெரியும் மாமா," என்று சொல்லி அவள் முதல் போல்ட்டைத் தானே திருப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாகப் பதினான்கு மாதம் பிடித்தது. விளக்குகள், பானெட், மட்கார்டுகள் போயின. எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி வெளியே எடுத்த அன்று, உடம்பு லேசாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். அன்றைக்குச் சிரித்துப் பேசினாள், எழுந்ததும் முதலில் சமையலறைக்குப் போய் எல்லா டப்பாக்களையும் இடம் மாற்றப்போவதாகச் சொன்னாள், மகள் பொருள்களை வைக்கும் முறை அவளுக்கு என்றுமே பிடித்ததில்லை. மகள் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிவந்து கொட்டகை வாசலில் வைத்தாள். ஸ்டியரிங் போயிற்று, வலது இருக்கை போயிற்று, கதவுகள் போயின. தரைப் பலகையைக் கழற்றியபோது அவள் பாதங்கள் பலகை இருந்த உயரத்திலேயே நின்றன. கீழே ஒன்றுமில்லை. மெக்கானிக் பார்த்தார். மகளும் பார்த்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அடுத்த போல்ட்டுக்குப் போனார்கள்.

கடைசியில் இருக்கை மட்டும் மிச்சம் இருந்தது. தோலை உரித்தார்கள், உள்ளே இருந்த நாரை வாரினார்கள், ஸ்பிரிங்குகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்தார்கள். சட்டத்தையும் இழுத்தெடுத்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அவள் தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில், முழங்கால் மடிந்திருக்க, முதுகு சற்றுச் சாய்ந்திருக்க, காற்றில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் எழுந்திருக்க முயன்றாள். பிறகு தன்னைச் சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னும் என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள் மகள்.

"நல்லாப் பாரு."

மகள் மண்டியிட்டு அவளுக்குக் கீழே கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். காற்றுத்தான் இருந்தது. மெக்கானிக் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, போதும். அவருக்குச் சாப்பாடு போடு," என்றாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கும் பேச்சை அவள் எடுக்கவில்லை. புதுச் செருப்பை யார் எடுத்து உள்ளே வைத்தது என்று தெரியவில்லை.

கழற்றிய பொருள்கள் கண்ணெதிரே கிடக்க வேண்டாம் என்று மகள் எல்லாவற்றையும் அந்தச் சேகரிப்பாளருக்குக் கொடுத்தனுப்பினாள். அவர் ஒரு வருடத்தில் புது இருக்கை தைத்துக் காரைத் திரும்பப் பூட்டி ஓட்டத்துக்கு எடுத்துவந்தார். அருமையாக ஓடுகிறது என்கிறார்கள். மூலப் பொருள்களில் ஒன்று குறைகிறது என்று நடுவர்கள் ஒவ்வொரு முறையும் பத்து மதிப்பெண் கழித்துவிடுகிறார்கள்.

கொட்டகைக்கு ஜன்னல் வைத்து, சுண்ணாம்பு அடித்து, மகள் தன் கட்டிலையும் அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். அம்மாவின் உயரத்துக்கு ஒரு மேஜை செய்து முன்னால் வைத்திருக்கிறாள்; இருவரும் அதில்தான் சாப்பிடுகிறார்கள். கார் ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், அது எத்தனை ஊர் தள்ளி ஓடினாலும், காலை ஏழு மணி வாக்கில் அவளுடைய நரைத்த கூந்தல் பின்பக்கமாகப் பறக்கத் தொடங்குகிறது. வளைவுகளில் உடம்பு சாய்கிறது, மேடு பள்ளங்களில் குலுங்குகிறது, கண்ணில் தூசி விழுகிறது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தார்கள், பிரயோசனமில்லை. அதனால் சங்கத்தின் நாட்காட்டியை மகள் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். ஓட்டம் இருக்கிற நாட்களில் காப்பியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றுகிறாள். அம்மாவின் தலையைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிட்டு, மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை முறைக்குப் போகிறாள்.