சிவப்பு கூடிப்போன பக்கங்கள்

ஜின்சிக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. திறந்தால் கண்ணில் அடிப்பது சிவப்புதான். மஸ்கட் நர்ஸ் வேலைக்கான தேர்வுக்கு மார்த்தாண்டத்து மாலை வகுப்பில் நடத்திய பாடத்தையெல்லாம் போனில் நோட்ஸ் ஆப்பில் ஏற்றி வைத்திருந்தாள். சேர்த்துக் கொடுக்கக் கூடாத மருந்து ஜோடிகளுக்குச் சிவப்புப் பட்டை, கொடுக்கலாம் என்றால் பச்சை. கூடும், கூடாது என்று எழுத்தில் எங்கும் கிடையாது. நிறமே போதும் என்று விட்டிருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த மத்தியானம் எழுத்தின் வடிவை மாற்றினாள். வரிகளுக்கு இடைவெளி கூட்டினாள். பின்னணியை இளமஞ்சளாக்கினாள். அப்படியும் திருப்தியில்லை. கொடுக்கக் கூடாதவைதான் அதிகம், அதனால் பக்கமெல்லாம் சிவப்பு. செட்டிங்ஸுக்குள் போய் இரண்டு நிறத்தையும் இடம் மாற்றினாள். மழை விட்ட ரப்பர் தோட்டம் போலப் பக்கம் குளிர்ந்துவிட்டது. எது எதுவென்று தனக்குத் தெரியும், பிறகென்ன.

தனக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்பது மறுநாள் காலையில் யூனிஃபார்மைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அவளும் பெபிஷாவும் குலசேகரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள். ஆப்பில் இருவருக்கும் ஒரே கணக்கு. ஜின்சி எழுதுவாள், பெபிஷா தன் போனில் திறந்து மனப்பாடம் செய்வாள். தேர்வு முதலில் பெபிஷாவுக்கு, இன்று திருவனந்தபுரத்தில். முன்பு ஒருமுறை தோற்றவள். இதிலும் தோற்றால் மஸ்கட் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

சொன்னால் குழம்புவாளோ? சொல்லாவிட்டால்? இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"சொல்லுட்டி," என்றாள் பெபிஷா. பின்னால் பஸ் இரைச்சல். "களியக்காவிளை தாண்டியாச்சு. எனக்கு ஜெபிச்சியா?"

"எக்கா, நோட்ஸ் பாத்தியளா?"

"பாக்காம? நேத்து சாயங்காலம் திறந்தா எல்லாம் தலைகீழா கெடக்கு. நீ தப்பு கண்டுபிடிச்சு திருத்தியிருக்கேன்னு நெனச்சேன். உக்காந்து அம்புட்டையும் மாத்திப் படிச்சாச்சு பிள்ளே. பழசை மறக்கதுக்குத்தான் பெரும்பாடு."

ஜின்சி இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாக்கா?"

"உன்கிட்ட என்னத்த கேக்க? ஒரு கமா போடவே மூணுதரம் யோசிக்கவ நீ." பெபிஷா சிரித்தாள். "ஏன், இன்னும் மாத்தியிருக்கியா?"

கைபழகிய மருந்தென்றால் பெபிஷா ஏமாறமாட்டாள். ஆனால் பாதிக்குமேல் அவர்கள் ஆஸ்பத்திரி கண்டிராதவை.

"நான் ஒண்ணும் திருத்தல்லக்கா. பாக்க நல்லாயிருக்கட்டும்னு நெறத்தைத்தான் மாத்தினேன். நீங்க முதல்ல படிச்சதுதான் சரி."

"பாக்க நல்லாயிருக்கட்டும்னு," என்றாள் பெபிஷா மெல்ல. "செரி. பழையபடி ஆக்கு. நெய்யாற்றின்கரை வரப்போவுது."

நிறங்களைத் திருப்பி மாற்றினாள் ஜின்சி. சந்தேகத்துக்கு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஜோடியைப் பார்த்தாள். சிவப்பு. சரிதான். மாற்றிவிட்டதாகச் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். யூனிஃபார்ம் சட்டை ஒரு கை மட்டும் தேய்த்தபடி கிடந்தது. வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"பாத்தேன் மக்கா. இப்ப எதைப் பாத்தாலும் ரெண்டும் சரின்னு தோணுது. உள்ள கூப்பிடுதாவ, போனை வாங்கி வைக்காவ."

ஜின்சி திருப்பிக் கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. ஆப்பைத் திறந்தாள். பக்கமெல்லாம் மறுபடி சிவப்பு. முதல் வரியின் ஓரத்தில் விரலை வைத்து, 'கூடாது' என்று எழுதினாள். பிறகு அடுத்த வரிக்குப் போனாள்.