கரடி படம் போட்ட டப்பா

மிரான் கிம்பாப் சோற்றுச் சுருளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது டியூஷனிலிருந்து போன் வந்தது. அன்று கணக்கு டியூஷனில் நிலைத் தேர்வு. தேறினால் மேல் வகுப்பு. தேறாவிட்டால் மகள் ஈசோல் கீழ் வகுப்புக்கு இறங்குவாள். அந்தச் சேதி சாயங்காலத்துக்குள் தேகு நகரத்து அம்மாக்களின் போன் குழு முழுக்கப் பரவிவிடும். ஈசோல்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே போனை எடுத்தாள்.

"ஈசோல் அம்மா, உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அவ ஃப்ரெண்ட் கியுரிதான் மயங்கி விழுந்துட்டா. நெஞ்சு படபடன்னு அடிக்குது, வாந்தி எடுக்கறா, கையெல்லாம் உதறுது. உங்க பொண்ணு ஏதோ மாத்திரை குடுத்தாளாம். என்னன்னு கேட்டா வைட்டமின்னு சொல்றா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம், உடனே வாங்க."

மிரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்பை அணைத்தாளா, கதவைச் சாத்தினாளா, டாக்ஸியில் ஏறிய பிறகு எதுவும் நினைவில்லை.

அது வைட்டமின் இல்லை. டப்பாதான் வைட்டமின் டப்பா, சிரிக்கும் கரடி படம் போட்டது. உள்ளே இருப்பது பூசானில் ஒரு மனநல மருத்துவர் எழுதித் தரும் மருந்து. தேகுவில் மருத்துவருக்கா பஞ்சம்? இங்கே போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் ரயிலேறிப் பூசான். கேட்பவர்களுக்கு அத்தை வீடு. மருந்துக்கடையில் வேளைக்கு ஒன்றாக, பெயர் அச்சடித்த சின்னச் சின்ன உறைகளில் போட்டுத் தருவார்கள். மிரான் அவற்றைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிழித்து, கரடி டப்பாவில் கொட்டிவைப்பாள்.

"மூளைக்கு நல்லது கண்ணு, புத்தி கூர்மையாகும்" என்று சொல்லித்தான் மகளுக்குத் தினமும் கொடுப்பது.

ஈசோலுக்கு வயது பத்து. நாற்காலியில் உட்காரவைத்தால் உடம்பில் எறும்பு விட்டதுபோல் நெளிவாள். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க லிஃப்டிலிருந்து திரும்பத் திரும்ப ஓடுவாள். தோல் உரியும்வரை கை கழுவுவாள். தேர்வு என்றால் முந்தின நாளே சாப்பாடு இறங்காது. மருத்துவர் மூன்று பெயர் சொன்னார்: கவனச்சிதறல், எண்ணச் சுழற்சி நோய், பதற்ற நோய். கணவன் அன்றே சொல்லிவிட்டான்: "வெளியில மூச்சு விடாதே. நாளைக்கு வேலை, இன்ஷூரன்ஸ், கல்யாணம்னு எல்லாத்துலயும் இது குறுக்கே வந்து நிக்கும்." பத்து வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை! அதற்கும் மிரான் தலையாட்டினாள்.

அவசரப் பிரிவில் கியுரி நெஞ்சில் ஒயர்களோடு படுத்திருந்தாள். பக்கத்துக் கருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மூலையில் ஈசோல் கையோடு கையைத் தேய்த்தபடி நின்றாள்.

"வந்துட்டீங்களா!" என்று பாய்ந்தாள் கியுரியின் அம்மா. "என் பொண்ணுக்கு என்னத்தைக் குடுத்துத் தொலைச்சா உங்க பொண்ணு?"

இளவயது மருத்துவர் குறுக்கே வந்தார். "சண்டை அப்புறம் போடலாம். என்ன மாத்திரைம்மா அது?"

"வைட்டமின்" என்றாள் மிரான்.

சொன்ன பிறகுதான் தன் வாய் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஒரு பிள்ளை கண்ணெதிரே துடித்துக்கொண்டிருக்கிறது, அப்போதும் வைட்டமினாம். எவ்வளவு பழகிப் போயிருக்கிறது இந்தப் பாழும் வாய்!

"வைட்டமின்ல இப்படி ஆகாது" என்ற மருத்துவர் கியுரியின் அம்மா பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு வழக்கமா ஏதாவது மருந்து சாப்பிடறாளா?"

"சேச்சே! அவளுக்கு என்ன குறை? சத்துக்குச் சிவப்பு ஜின்செங் வேர்ச் சாறு மட்டும்தான்."

கியுரி முனகினாள். பயந்துபோன அவள் கண்கள் யாரைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் அலைந்தன. மிரானுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டியூஷன் ஆசிரியை நிற்பதையும் பார்த்தாள், கியுரியின் அம்மா கையில் போன் இருப்பதையும் பார்த்தாள். போகட்டும், எல்லாம் போகட்டும் என்று மருந்தின் பெயரைச் சொன்னாள், அளவைச் சொன்னாள். "என் பொண்ணோட மருந்து. மனநல மருத்துவர் குடுத்தது" என்றும் சொன்னாள்.

மருத்துவர் நெற்றியைச் சுருக்கினார். "ஒரே ஒரு மாத்திரைக்கு உடம்பு இவ்வளவு மோசமாகாதே..."

கியுரியின் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"காலைல நானும் ஒண்ணு குடுத்தேன்" என்றாள். "அதே மருந்துதான்."

மிரான் பேயறைந்தவள் போல நின்றாள். போன வருடம் ஒரு பையன் இந்த மருந்து சாப்பிடுவது தெரிந்தபோது, அவனை வகுப்பை விட்டே மாற்றச் சொல்லிக் குழுவில் குதித்தது இதே கியுரியின் அம்மாதான்.

மருத்துவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நர்ஸிடம் ஊசிக்குச் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கருவியின் கத்தல் தணிந்தது. "பயமில்லை, பொழைச்சுப்பா. இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

இரண்டு அம்மாக்களும் வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

"மருந்துக்கு நீங்க எங்க போறீங்க?" என்று மெல்லக் கேட்டாள் மிரான்.

"உல்சான். நீங்க?"

"பூசான்."

ஈசோல் வந்து எதிரே நின்றாள். "அம்மா, கியுரி டெஸ்ட் பயத்துல நேத்தே அழுதா. அதான் காலைல என் வைட்டமினை முழுங்காம வச்சிருந்து அவளுக்குக் குடுத்தேன். புத்தி கூர்மையாகும்னு நீதானே சொன்ன? வைட்டமின் ஏன்மா இப்படிப் பண்ணுச்சு?"

மிரான் மகளை இழுத்து மடியில் உட்காரவைத்தாள். "அது வைட்டமின் இல்ல கண்ணு. மருந்து. உனக்கு மூணு நோய் இருக்கு. அம்மா பொய் சொல்லிட்டேன்."

மூன்று பெயர்களையும் சொன்னாள். உட்கார முடியாதது எதனால், பூட்டைப் பார்க்க ஓடுவது எதனால், தேர்வென்றால் சாப்பாடு இறங்காதது எதனால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிள்ளை அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தாள்.

ஈசோல் அழவில்லை. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கெல்லாம் பேர் இருக்கா?" என்றாள் கடைசியில். "அப்ப ஏன்மா சொல்லல? நான் கெட்ட பொண்ணுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஈசோல் மடியிலிருந்து இறங்கி, கியுரி படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பினாள்.

"கியுரிகிட்டயும் சொல்லணும். அவளும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கா."

கியுரியின் அம்மா எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.