முதலில் மெக்கானிக் ஓடட்டும்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்கள் ரயிலில் ஒரு முகத்தைப் பார்த்தேன், கதை வந்தது என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூன்று வருடமாக ஓட ஆசைப்பட்டேன், ஓடப் பயந்தேன். கடைசியில் எனக்குப் பதிலாக ஓடுவதற்குக் கற்பனையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்துவந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு இருப்பது கொத்துத் தலைவலி. உடனே தைலத்தை நீட்டிவிடாதீர்கள். வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகுவது போல இருக்கும். அந்தக் கண் மட்டும் அழும், அந்தப் பக்க மூக்கு மட்டும் ஒழுகும், இமை சரிந்துவிடும். ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போகும். மறுநாள் அதே வேளைக்கு வரும். வாரக்கணக்கில் இப்படியே. பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விடும். வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆடிட்டர். [வந்து உட்கார்ந்து குடைந்து எடுத்துவிட்டு, அடுத்து எப்போது என்று சொல்லாமல் போகிறவரை வேறு எப்படி அழைப்பது?]

2

முதல் தொடக்கம்:

“வலி வந்ததும் மெக்கானிக் விளக்கை அணைத்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு –”

அடித்துவிட்டேன். பச்சைப் பொய். ஆடிட்டர் வந்தால் படுக்கவே முடியாது. அறைக்கும் கூடத்துக்கும் நடப்பேன், சுவரில் நெற்றியை முட்டுவேன், நாற்காலியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவேன். “கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுங்களேன் அண்ணி” என்று அன்பாகச் சொன்ன நாத்தனாரிடம் நான் கத்திய கத்தலுக்கு, அவள் மறுபடி எங்கள் வீட்டுப் படியேறப் பல மாதமானது. அப்படிப்பட்ட எனக்கே, கதை என்று உட்கார்ந்ததும் கை தானாகப் போர்வையைத் தேடுகிறது.

இரண்டாவது தொடக்கம்:

“ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மெக்கானிக்கின் ஒரு கண் மட்டும் கலங்கியது.”

இது இருக்கட்டும். லிஃப்ட் பராமரிப்பு கம்பெனி ஒன்றில் புகார் போன் எடுப்பது என் வேலை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், “பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்கார்” என்று சொல்லியே தொண்டை கெட்டுப்போனவள் நான். ஆகவே மெக்கானிக்குகளைத் தெரியும். பழுதான லிஃப்டுக்குப் போகிறவர்கள் படிக்கட்டில்தான் ஏற வேண்டும். என் ஆளுக்கு ஓடுகிற கால் இருக்கிறது என்று வாசகர் நம்ப அது போதும்.

3

அவனுக்கு என் வலியைக் கொடுத்தேன். என் மூன்று வருட நிம்மதியையும் கொடுத்தேன். ஒரு ஜோடி ஓட்ட ஷூவும் வாங்கிக் கொடுத்தேன்.

[நிம்மதி என்றா எழுதினேன்? வாயில் வந்துவிட்டது. பின்னால் பார்ப்போம்.]

கடைசியாக ஆடிட்டர் வந்தது மூன்று வருடத்துக்கு முன்பு, நான் ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில். மைதானத்தைச் சுற்றிவிட்டு வந்து ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன், ஆஜராகிவிட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் தங்கினார். வலி வரும்போது மூச்சில் இழுக்கக் கூடத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் ஷூவைப் பரணில் தூக்கிப் போட்டார். நான் தடுக்கவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு டாக்டரிடம் கேட்டோம். “ஓடினதாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஓடினா வராதுன்னும் சொல்ல முடியாது. ஆனா வலி இல்லாத காலத்துல தாராளமா ஓடலாம். உடம்புக்கு நல்லது, மனசுக்கும் நல்லது” என்றார். வீட்டுக்காரர் காதில் ‘சொல்ல முடியாது’ மட்டும்தான் விழுந்தது.

ஆக, மெக்கானிக் ஓட வேண்டும். அதற்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

அ) ஓடினான், வலி அவனை விட்டு ஒரேயடியாக ஓடிப்போனது. [வார இதழ் மருத்துவப் பக்கத்துக்கு அனுப்பலாம்.]

ஆ) ஓடினான், அன்று மாலையே வலி வந்தது. [இதை எழுத நான் எதற்கு? என் வீட்டுக்காரர் மூன்று வருடமாகச் சொல்லிவருகிற கதை.]

4

மைதானத்து கேட் அருகே மெக்கானிக் நின்றுவிட்டான்.

“என்னக்கா, நான் மட்டும்தான் ஓடணுமா?”

“நீ கதைக்குள்ள இருக்கே. உனக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஆகாதுன்னா ஏன் ஒவ்வொரு தடவையும் கேட் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டுப் பேனாவை மூடிடறீங்க?”

பாத்திரம் எழுத்தாளரை மடக்குவது அரதப் பழசான தந்திரம் என்று நீங்கள் உச்சுக்கொட்டுவது கேட்கிறது. எனக்கும் தெரியும். ஆனால் அவன் கேட்டதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள். நான் அன்றும் பேனாவை மூடிவிட்டேன்.

5

அந்தப் பக்கங்களைச் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் நின்றபடியே படித்தார்.

“எதுக்கு இதெல்லாம் எழுதறே? சும்மா கிடக்கறதை ஏன் கூப்பிடறே?”

“எழுதினா வருமா? அதுக்கு என்ன, படிக்கத் தெரியுமா?”

“விளையாடாதே. நீ சுவத்துல முட்டிக்கிட்டப்போ சுவத்துக்கும் உன் நெத்திக்கும் நடுவுல கையை வச்சுக்கிட்டு நின்னவன் நான். மறுபடி என்னால முடியாதும்மா.”

குரல் உடைந்துவிட்டது அவருக்கு. ஆனால் அன்றைக்கு விட்டால் பிறகு எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“வந்தது ரெண்டு மாசம். நான் பயந்தது மூணு வருஷம். குனியப் பயம், மாடி ஏறப் பயம், சத்தமா சிரிச்சா பயம். அது இல்லாதப்பவும் அதோடதான் குடித்தனம் நடத்தறேன். வர்ற நாளை அது எடுத்துக்கட்டும். வராத நாள் என்னோடது. அதை ஏங்க நாமளே எடுத்து அதுக்குக் குடுக்கணும்?”

அவர் பக்கங்களை அடுக்கி மேஜையில் வைத்தார்.

“உன் பழைய ஷூ பரண்ல இல்லை. எப்பவோ தூக்கிக் குடுத்துட்டேன்” என்றார் கடைசியில்.

“தெரியும். போன மாசமே புதுசு வாங்கிட்டேன். ஆபீஸ்ல மேஜைக்கு அடியில இருக்கு.”

அவருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார்.

6

இதை ஷூவைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வெளியே நன்றாக விடிந்துவிட்டது. வீட்டுக்காரர் சைக்கிளில் பின்னாலேயே வருவாராம். டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்கிறது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. மெக்கானிக்கைப் படிக்கட்டில் உட்காரவைத்து ஒரு டீயைக் கொடுத்துவிட்டேன். என் இடத்தில் இனி யாரும் ஓட வேண்டாம்.

ஓடி முடித்த பிறகு என்ன ஆனது என்று இங்கே எழுத மாட்டேன். அந்த முடிவு உங்களுடையது, ஆனால் ஒரு நிபந்தனை. வலி வந்ததென்று நீங்கள் முடித்தால், ஓடியதால் வந்தது என்று எழுதக் கூடாது. வரவில்லை என்று முடித்தால், ஓடித் தப்பித்தாள் என்றும் எழுதக் கூடாது. அவளுக்கு ஓடப் பிடிக்கும், அதனால் ஓடினாள் என்று எழுதுங்கள். ஆடிட்டர் வந்தால் அவர் இருக்கிறவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் போன மறுநாள் காலையில் மறுபடி ஓடுவேன்.