தண்டவாளத்துக்குப் பூசிய சிவப்பு

மலாயாவிலிருந்து பென்சனோடு திரும்பி வருகிறவர்கள் எங்கள் ஊரில் கல்வீடு கட்டுவார்கள், காணி வாங்குவார்கள், கோயில் விஷயத்தில் மூக்கை நுழைப்பார்கள். என் அத்தான் மார்க்கண்டு இதில் ஒன்றையும் செய்யவில்லை. பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே ஒரு விளையாட்டு றெயில். எஞ்சின் மட்டும் முழங்கை நீளம். அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் தண்ணீர் கொதித்து, நிச றெயில் மாதிரியே ஆவி விட்டுக்கொண்டு ஓடும். அதை வீட்டுக்குள் ஓட்டியிருந்தால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. வீட்டு வளவைச் சுற்றித்தான் ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நான் அவருடைய மனைவி மகாதேவியின் தம்பி. பக்கத்து வளவில் இருந்துகொண்டு புகையிலைத் தோட்டம் செய்கிறவன். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பரப்புக் காணிக்கு அண்ணன் தம்பி வெட்டுக்குத்துப் படுகிற காலம் அது. நல்ல மண்ணில் விளையாட்டு றெயில் ஓட்டுகிற மனிதரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வராமல் என்ன செய்யும்? அக்காவிடம் போய்க் கத்தினேன்.

"எங்களுக்கென்ன பிள்ளையே குட்டியே? அந்த மனிசன் ஓட்டட்டும், விடு" என்றாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு றெயில் என்றால் அவளுக்கு வெள்ளைச்சி. எங்கள் தாய் தகப்பன் கண்ணை மூடிய பிறகு எங்களை வளர்த்தவர் கதிரவேலு அம்மான். அக்காவின் கலியாணத்துக்கு அவர் கொடுத்த பசுவின் கன்றுதான் வெள்ளைச்சி. அத்தான் மலாயாவில் கிடந்த வருஷமெல்லாம் அக்காவுக்குத் துணை தாய்ப்பசுவும் இதுவும்தான். என்னோடு கதைத்ததைவிட அந்த மாட்டோடு அவள் கதைத்தது அதிகம். எனக்கு அதிலும் ஒரு எரிச்சல் உண்டு, மறைப்பானேன்.

அத்தான் கொல்லனைப் பிடித்து தண்டவாளத்துக்கு இரும்புப் பட்டம் அடிப்பித்தார். பனஞ்சிலாகையைத் துண்டு துண்டாக அரிந்து கட்டை போட்டு, அதன்மேல் பட்டத்தைப் பொருத்தினார். பாதை கிணற்றடியால் போய், மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வளைந்து, வாழைகளுக்குள் புகுந்து வாசலுக்கு வரும். ஆவணியில் நன்றாகத்தான் ஓடிற்று. மாரி பிறந்ததும் படுத்துவிட்டது. உப்புக் காற்றும் மழையும் சேர்ந்து இரும்பைத் துருவேற்றிக் கறள் பிடிக்க வைத்தன. விரலால் உரசினால் பொருக்காகக் கழன்றது. கட்டைகளைக் கறையான் அரித்தது. மழை விட்ட இடைவெளியில் தார் பூசினார். அடுத்த வெயிலுக்கே தார் இளகி எஞ்சினின் சில்லுகளில் அப்பிக்கொண்டது. எஞ்சின் நின்ற இடத்திலேயே மூச்சுவிட்டதே தவிர நகரவில்லை. நான் சிரித்தேன். அவர் என்னோடு ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை.

அந்த மாரியில்தான் வெள்ளைச்சி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்த் தண்டவாளத்தை உழக்கியது. வளைவு முழுக்க நெளிந்துபோயிற்று. அத்தான் கையிலிருந்த சுத்தியலை ஓங்கிக்கொண்டு ஓடினார்.

"உந்த மாட்டைக் கொல்லாமல் விடமாட்டன்!"

கதிரவேலு அம்மான் அப்போது முற்றத்தில் நின்றார். கோபத்தில் வந்த பேச்சு, அவ்வளவுதான். இரும்பு கிழித்திருந்த அதன் காலைப் பின்னேரம் அத்தானே கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டினார். அதைப் பார்க்க அம்மான் நிற்கவில்லை.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் அத்தான் முறையாகத் தொடங்கினார். கறளெல்லாம் சுரண்டி, கட்டைகளுக்கு வேப்பெண்ணெய் ஊறவிட்டு, பட்டணத்துக் கடையிலிருந்து றெட்லெட் வாங்கி வந்தார். ஈயத்தில் செய்கிற செம்பொடி அது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசவேண்டுமாம்.

"இரும்புக்கு முதல் சிவப்பு, அதுக்குமேலைதான் கறுப்பு. றெயில்வேயிலை பாலமெல்லாம் உப்பிடித்தான் நிக்குது" என்றார். பிறகு தூரிகையை ஆட்டி எங்கள் எல்லோருக்கும் ஒரு பிரசங்கம் வைத்தார். "உது நஞ்சு, கண்டியளோ. கை தேய்ச்சுக் கழுவாமல் ஒருத்தரும் சோத்திலை கை வைக்கப்படாது. அங்கை பெயின்ற் அடிக்கிற ஆக்கள் வயித்துக்குத்தாலை துடிச்சதை நான் பாத்தனான்."

நஞ்சு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மனிதருக்குத்தான் எச்சரிக்கை சொன்னார். மாட்டை ஒருவரும் நினைக்கவில்லை.

எண்ணெயைக் கூட ஊற்றிவிட்டாரோ என்னவோ, பூச்சு லேசில் காயவில்லை. தைமாதப் பனியோ மழை மாதிரி இறங்குகிற பனி. ஈரம் பட்டால் எல்லாம் வீண் என்று, பச்சைப் பனையோலை வெட்டுவித்து, தண்டவாளம் நெடுக மூடிவிட்டார். காலையில் ஓலையை எடுத்துக் கொட்டிலோரம் அடுக்குவார், பொழுதுபட மறுபடி மூடுவார். பூச்சுக் காய்ந்ததும் கறுப்புப் பூச்சுக்கு ஆயத்தம் செய்வதில் மூழ்கிப்போனார். ஓலை அடுக்கு அடுக்கினபடியே கிடந்தது.

வலிகாமத்தில் பச்சோலையை வீணாக எறிகிற வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். ஈர்க்கு நீக்கிக் கிழித்து மாட்டுக்குப் போடுவதுதான் வழக்கம். அக்கா அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்.

ஒருநாள் விடிய அக்காவின் குரல் கேட்டு வேலியால் பாய்ந்து ஓடினேன். வெள்ளைச்சி கொட்டிலுக்கு வெளியே நின்றது. வாயால் நுரை வடிந்தது. பல்லை நறநறவென்று நெரித்துக்கொண்டு நடந்து, நேரே போய்க் கிணற்றுக்கட்டில் இடித்தது. பின்வாங்கி மறுபடி அதே இடத்தில் இடித்தது. நான் அதன் கண்ணுக்கு முன்னால் கையை வீசினேன். இமை அசையவில்லை. நேற்றுவரை என்னைக் கண்டால் காதை ஆட்டுகிற மாட்டுக்குக் கண் தெரியவில்லை!

ஆட்கள் கூடினார்கள். பாம்பு என்றார் ஒருவர், கண்ணூறு என்றார் இன்னொருவர். கதிரவேலு அம்மான் வந்து மாட்டு டாக்குத்தரைக் கூட்டிவரப் பட்டணத்துக்கு ஆள் அனுப்பினார். வெள்ளைச்சி கொட்டில் தூணில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்று, கடைசியில் முன்கால் மடிந்து விழுந்தது.

அக்கா அதன் தலையை மடியில் ஏந்திக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் ஓலை. ஒரு கையால் ஓலையைக் கிழித்துக் கிழித்து அதன் வாய்க்குள் ஊட்டப் பார்த்தாள்.

"ஒரு வாய் தின்னம்மா. என்ரை ராசாத்தியெல்லே, ஒரு வாய்."

நிலத்தில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் சிவப்பு. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் சிவப்பு. நிமிர்ந்தபோது எதிரில் அத்தான். அவர் என் கையைப் பார்த்தார், அக்காவின் கையைப் பார்த்தார், பாய்ந்துவந்து அவள் கையிலிருந்த ஓலையைத் தட்டிவிட்டார்.

"போடும் கீழை! உதைப் போடும்!"

கலியாணம் முடித்த காலம்தொட்டு அவர் அவளை நோக்கிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அக்கா திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள்.

"ஏன்? நஞ்செண்டு சொன்னீங்கள் எண்டு, தொட்டித் தண்ணியிலை அலசித்தானே போட்டு வாறன்."

மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி. எட்டிப் பார்த்தேன். அடியில் செங்கல்லைக் கரைத்துவிட்டதுபோல் சிவப்பாகப் படிந்து கிடந்தது. தின்ன ஓலையிலும் நஞ்சு, குடிக்கத் தண்ணீரிலும் நஞ்சு.

அத்தானின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனாலும் சொன்னார், கூடிநின்ற எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"நேற்று நான் பெயின்ற் தகரத்தை மூடாமல் விட்டிட்டன். வெள்ளைச்சி வந்து நக்கிப்போட்டாள். என்ரை பிழை. ஓலையாலை ஒண்டுமில்லை."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்குத்தர் வருமுன்பே வெள்ளைச்சி கால்களை உதறி உதறிச் செத்தது. அத்தான் தொட்டியைத் தனியாகவே கவிழ்த்துக் கழுவினார். நான் அவரைக் கொட்டிலின் பின்னால் மறித்தேன்.

"என்ன அத்தான் பொய் இது?"

"தம்பி, அவவின்ரை கையாலை அது செத்ததெண்டு தெரிஞ்சால் அவ தாங்கமாட்டா. பசுக்கொலை, ஐயா. சாப்பிடாமல் கிடந்தே உயிரை விட்டிடுவா. அதை நான் சுமக்கிறன். நீர் வாயைத் திறக்கப்படாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார். விளையாட்டு மனிதர் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவரின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சரி என்றேன்.

அந்தப் பொய் எங்கே போய் முடியும் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாளே கதிரவேலு அம்மான் ஊரெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"நக்கினதாம்! ஆருக்குக் கதை விடுறார்? கொல்லாமல் விடமாட்டன் எண்டு சுத்தியலோடை கலைச்சதை என்ரை கண்ணாலை கண்டனான். வேணுமெண்டு வைச்சவர்."

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அத்தானைக் கண்டால் ஆட்கள் ஒழுங்கையின் மற்றக் கரைக்கு மாறினார்கள். அந்த வீட்டில் ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அதெல்லாம் போகட்டும். அக்காவே அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். சோற்றை வைப்பாள், போய்விடுவாள். அவருக்காகவே நெஞ்சு வெடிக்கிறதுபோல் இருக்கும் எனக்கு. உன்னைக் காப்பாற்றத்தான் அந்த மனிசன் இந்தப் பாடு படுகிறது என்று கத்த வேண்டும்போல் வரும். கொடுத்த வாக்குக்காக நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கடைசியில் அம்மான் நேரே வந்து நின்றார்.

"மருமோன், வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுச் சந்நிதிக்கு வாரும். முருகனுக்கு முன்னாலை கற்பூரத்தைக் கையாலை அணைச்சுச் சத்தியம் பண்ணும். பண்ணினால் நான் உம்மடை காலிலை விழுறன்."

"வாறன்" என்றார் அத்தான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மைதானே. உண்மையைச் சொல்லிச் சத்தியம் பண்ணப் பயமென்ன?

வெள்ளிக்கிழமை விடியுமுன்பே இரண்டு வண்டில் கட்டிப் போனோம். அக்காவும் வந்தாள். கோயில் வாசலில் ஒரு கல்லின்மேல் அம்மான் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். பூசை பார்க்க வந்த சனமும் சுற்றிவரக் கூடிவிட்டது.

"சொல்லும். 'தகரத்தை மூடாமல் விட்டது என்ரை பிழை, பசு அதை நக்கித்தான் செத்தது, நான் வேணுமெண்டு வைக்கேல்லை, முருகனாணை.' சொல்லி அணையும்."

அத்தான் கையை நீட்டினார். கை கற்பூரத்துக்கு மேலே நின்றது. உதடு அசைந்தது. "தகரத்தை..." என்றார். அதற்குமேல் வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சத்தியத்தின் முதல் சொல்லே பொய். ஊருக்குச் சொல்லிவிட்டார், முருகனுக்குச் சொல்ல முடியவில்லை.

"என்னாலை ஏலாது" என்று கையை இழுத்துக்கொண்டார்.

சனம் 'ஆ' என்றது. அம்மான் துள்ளிக் குதித்தார்.

"பாத்தியளே! இனியென்ன சாட்சி வேணும்? பசுவைக் கொன்ற பாவி!"

என் வாக்கும் மண்ணாங்கட்டியும் என்று நான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு முன்னால் யாரோ என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து வந்தவள் குனிந்து, எரிகிற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சதை கருகுகிற மணம் எழுந்தது. கையை எடுக்கவில்லை.

"வெள்ளைச்சி செத்தது என்ரை கையாலை. பெயின்ற் பட்ட ஓலையைக் கிழிச்சுப் போட்டது நான். அலசின தண்ணியைக் குடிக்க விட்டதும் நான். இவருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. முருகனாணை."

துள்ளிய அம்மான் வாய் திறந்தபடியே நின்றார். மறைத்து மறைத்து நாங்கள் காத்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயமா? எல்லாம் தெரிந்துகொண்டா ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்னால் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்?

அத்தான் ஓடிப்போய் அவள் கையைப் பற்றித் தூக்கினார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் என்ரை கையைத் தட்டின உடனையே தெரியும்."

"பின்னை ஏன் மகாதேவி என்னோடை கதையாமல் விட்டனீர்?"

அக்கா அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்போதுதான் நீர் வந்தது.

"ஊருக்கு நீங்கள் எதையும் சொல்லியிருக்கலாம். உள்ளை வந்து, எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுவீங்கள், ரெண்டு பேருமா இருந்து அழலாம் எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தன். கடைசிமட்டும் என்னைத் தனிய அழ விட்டிட்டீங்கள்."

அக்கா அவர் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு, வண்டில் நின்ற பக்கமாக நடந்தாள்.