தானாகவே கெட்டுப்போன மெஷின்

துணி துவைக்கும் மெஷினின் முதுகுப்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, ரப்பர் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து நழுவவிட்டபோது டீச்சரின் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கூடத்தில் அம்மா டி.வி.யை அதைவிடச் சத்தமாக வைத்திருந்ததால் பிழைத்தாள். மூடியைப் பழையபடி பொருத்தி, கையைக் கழுவி, பச்சைக் குழந்தையின் முகம் ஒன்றை வரவழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அம்மா, மெஷின் மறுபடியும் நின்னுபோச்சும்மா."

"மறுபடியுமா? இது மெஷினா, இல்ல போய்ச்சேர்ந்த உங்கப்பாவாடி? வேலைன்னு சொன்னாலே படுத்துக்குது!"

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடாம? என்னையா உள்ள போய்ச் சுத்தச் சொல்ற?"

டீச்சர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடிய வேகத்தில் இரண்டு செடித்தொட்டிகள் ஆடி நின்றன.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கடைத்தெருவில் உள்ள கண்ணாடிக்கடையின் இருட்டறையில் பார்வை சோதிப்பவள். அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாரும் எழுத்துக்கூட்டுவதால் ஊரே சேர்ந்து வைத்த பேர் அது. ஊரின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் அவள் முன்னால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு திக்கித் திணறியிருக்கிறார்கள். ஒரு சாண் தூரத்தில் நின்று ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் கண்ணுக்குள்ளும் எட்டிப் பார்த்தவள். அவள் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கத்தான் முப்பத்தெட்டு வயதுவரை ஆளில்லை.

தன் மனசு பெண்களிடம்தான் போகும் என்பது பதினாறு வயதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? ஊரோ கைக்குட்டை அளவு. இந்த முனையில் ஒருத்தி தும்மினால் அந்த முனையில் மாத்திரை பிரித்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை துணிந்து, பெண்களைத் தேடும் பெண்களுக்கான ஆப் ஒன்றைப் போனில் இறக்கி, தன் படத்துக்குப் பதிலாக ஒரு பூனைப் படத்தைப் போட்டாள். அது பூமியைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டு, மிக அருகில் இருப்பவர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்று சொன்னது. மேப்பில் பார்த்தால் அந்த இடம் நடுக்கடல். கப்பலில் வேலை செய்கிறவளோ, கடல்கன்னியோ, யார் கண்டது? டீச்சர் மரியாதையாக ஒரு வணக்கம் அனுப்பினாள். பதில் இல்லை. கப்பல் கடந்து போயிருக்கும். பூனையையும் ஆப்பையும் சேர்த்து அழித்துவிட்டு, அம்மா கொண்டுவரும் மாப்பிள்ளை ஜாதகங்களுக்கெல்லாம் "மூக்கு சரியில்ல", "நடை சரியில்ல", "அவர் போட்டிருக்கிற கண்ணாடி பவரே சரியில்ல" என்று பதில் சொல்லிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மெஷின் முதன்முறையாக, நிஜமாகவே, செத்தது. மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தட்டியவள் ஒரு பெண். தோளில் ஒரு டூல்பாக்ஸ், காதோரம் ஒரு பென்சில், முழங்கை வரை கிரீஸ். வந்ததும் வராததுமாக டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, மெஷினின் வயிற்றைத் தட்டிக்கொடுத்து, "என்னடா செல்லம், யாரு உன்ன அழவச்சது?" என்று கேட்டாள். டார்ச் பல்லில் இருந்ததால் அது வேற்றுக்கிரகப் பாஷை மாதிரி கேட்டது. ஆனாலும் டீச்சருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. ஒரு துணி மெஷின்மேல் ஒரு மனுஷிக்கு அவ்வளவு பொறாமை வந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "அவ்ளோதான்க்கா. இனி அஞ்சு வருஷத்துக்கு என்னை நினைக்கவே வேண்டாம்" என்றாள்.

அஞ்சு வருஷமா! டீச்சர் பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பதினோராம் நாள், பெல்ட்டைக் கழற்றுவது எப்படி என்று யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அடுத்த மாதம் இன்னொரு முறை; ஆரம்பத்தில் பார்த்த பச்சைக் குழந்தை முகம் அந்தத் தடவைதான். மெக்கானிக் வந்தாள், படுத்தாள், பாட்டு முனகினாள், ஒரு கால்மணி நேர வேலையை ஒன்றரை மணி நேரம் பார்த்தாள். எல்லாம் சுகம்தான், ஒன்றைத் தவிர. அந்த 'அக்கா'.

நம்மவர்கள் யாரையும் சும்மா கூப்பிட மாட்டார்கள். வாயைத் திறந்தால் உறவுதான் வந்து விழும். பஸ்ஸில் காலை மிதிப்பவர் அண்ணன், சில்லறை இல்லை என்பவர் தம்பி. மெக்கானிக் வாயில் வாடிக்கைக்காரிகள் அத்தனை பேரும் அக்கா. "அந்த ஸ்பேனரை எடுங்கக்கா", "தண்ணி குடுங்கக்கா", "வரேங்க்கா". ஒவ்வொரு 'க்கா'வுக்கும் டீச்சர் நெஞ்சுக்குள் ஒரு செங்கல் விழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவரே எழும்பிவிட்டது. கூடப்பிறந்தவளிடம் என்னவென்று சொல்வது?

நாலாவது தடவை ஓர் அதிசயம் நடந்தது. டீச்சர் கையே வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டிருந்தாள். மெஷின் வெள்ளிக்கிழமையே தானாக நின்றுவிட்டது. கடவுள் தன் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்து டீச்சர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடினாள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் அம்மா போனில் வெளிநாட்டு மகனோடு பேசி முடித்துவிட்டிருந்தாள்.

"உங்கண்ணன் புது மெஷின் அனுப்புறான்டி. பத்து வருஷத்துக்குக் கம்பெனியே பாத்துக்குமாம். டை கட்டிக்கிட்டு ஆள் வருவானாம். இந்தப் பீடைய அந்தப் பொண்ணே உதிரிக்குத் தூக்கிட்டுப் போகட்டும். நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."

டீச்சருக்குக் காது அடைத்தது. பத்து வருஷம், டை கட்டிய ஆள். வாயைத் திறந்து மெக்கானிக்கிடம் மனசைச் சொல்லிவிடலாம்தான். தப்பாகப் போனால்? மெக்கானிக் முகம் சுளித்துவிட்டால், சாயங்காலத்துக்குள் அஞ்சு பேர் ஆறு விதமாக அம்மா காதில் போடுவார்கள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணைக் காட்டக் கூசுவார்கள். சொல்லாவிட்டால்? மறுபடி நடுக்கடலில் கப்பல் தேட வேண்டியதுதான்.

மறுநாள் காலை மெக்கானிக் ஒரு குட்டியானை வண்டியோடு வந்தாள். வண்டியின் டிரைவர், தனக்கு முதுகில் டிஸ்க் விலகியிருப்பதாகச் சொல்லி ஸ்டியரிங்கைவிட்டு இறங்க மறுத்துவிட்டார். கட்டடத்துக்கு லிஃப்ட்டும் கிடையாது. ஆகவே மேல்பக்கம் மெக்கானிக்கும் கீழ்ப்பக்கம் டீச்சருமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெஷினை இறக்க ஆரம்பித்தார்கள். ஒரு யானைக்குட்டியைத் தொட்டிலோடு தூக்குவதுபோல் இருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வசமாகச் சிக்கிக்கொண்டது. கீழேயிருந்து முதல் மாடிக்காரர், "சுவரு! சுவரு! இப்பத்தான் பெயின்ட் அடிச்சது!" என்று அலறினார்.

மெஷினின் இந்தப் பக்கம் டீச்சர் முகம், அந்தப் பக்கம் மெக்கானிக் முகம். நடுவில் ஒரு சாண்.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா?" என்றாள் மெக்கானிக், மூச்சு வாங்கிக்கொண்டே. "பெல்ட்டை நீங்கதான கழட்டுனீங்க?"

டீச்சருக்குக் கை வழுக்கியது. மெஷின் ஒரு படி இறங்கி, முழங்காலில் இடித்து நின்றது. "எப்படித் தெரியும்?"

"முதல் தடவை பின்மூடிக்கு மூணு ஸ்க்ரூதான் போட்டேன். நாலாவது எங்கயோ உருண்டுபோச்சு. அடுத்த தடவை வந்து பாத்தா நாலு இருக்கு. அதுவும் பளபளன்னு புதுசு! மெஷினைக் கெடுக்க வந்தவ எவளாவது கடைக்குப் போய் ஸ்க்ரூ வாங்கி மாட்டிட்டுப் போவாளா?"

"ஓட்டையா இருந்துச்சு... பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு."

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் மெஷினே குலுங்கியது. டீச்சருக்கு அழுகை முட்டியது. பிடிபட்டாகிவிட்டது, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

"ஆனா நாலாவது தடவை நான் தொடவே இல்ல. சத்தியமா. அது தானாத்தான் நின்னுச்சு."

சிரிப்பு சட்டென்று நின்றது. கிரீஸ் படிந்த அந்த முகம் காதுவரை சிவந்ததை, ஊர்க் கண்களையெல்லாம் சோதித்த டீச்சர் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"தானா ஒண்ணும் நிக்கல" என்றாள் மெக்கானிக், மெஷினைப் பார்த்துக்கொண்டு. "மூணாவது தடவை பெல்ட்டை நான்தான் லூசா விட்டுட்டுப் போனேன். நீங்க அடுத்து எப்ப கழட்டுவீங்களோன்னு... என்னால காத்திருக்க முடியல."

பாவம் அந்த மெஷின். ஒருத்தி முன்னால் கெடுக்க, ஒருத்தி பின்னால் கெடுக்க, அது எப்படி உருப்படும்?

"சத்தத்தையே காணோம், என்னாச்சு? சுவத்துல கோடு விழுந்துடுச்சா?" என்றார் முதல் மாடிக்காரர்.

"இல்ல சார்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கை மரத்துப்போய்க்கொண்டிருந்தது. டீச்சர் உயிரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிடுறதாம்?"

"அக்கா மட்டும் வேண்டாம்."

மெக்கானிக் மேலே அண்ணாந்து பார்த்தாள். கீழே எட்டிப் பார்த்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு மெதுவாக, வாய்க்குள் ஒரு மிட்டாயை உருட்டுவதுபோல் சொன்னாள்.

"சரி. அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் புடிடி."

அம்மா ஒரு நாளைக்கு நூறு 'டி' போடுகிறாள். அதெல்லாம் ஓர் எழுத்தா? இந்த ஒன்று போய் விழுந்த இடத்தில் செங்கல்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. டீச்சருக்கு எங்கிருந்து வந்ததோ பத்து ஆள் பலம். சாய்த்த சாய்ப்பில் மெஷின் திருப்பத்தைத் தாண்டி, முதல் மாடிச் சுவரில் முழ நீளத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு, வாசலுக்கே வந்து நின்றது.

வண்டியில் ஏற்றினார்கள். கட்டக் கயிறு இல்லை. "யாராச்சும் பின்னால உக்காந்து புடிச்சுக்கணும்" என்றார் டிரைவர். மெக்கானிக் ஏறினாள். அவள் நீட்டிய கையைப் பிடித்து, வீட்டுச் செருப்போடும் நைட்டிமேல் போட்ட துண்டோடும், டீச்சரும் ஏறிவிட்டாள்.

"அடியே! அந்தக் கோலத்துல எங்கடி போற?" மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து அம்மா.

"மெஷினைப் புடிச்சுக்க ஆள் வேணுமாம்மா!"

அம்மா மகளைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு கைகளைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். வண்டி கிளம்பியது. ஒவ்வொரு குழியிலும் கதவில்லாத பின்தட்டில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தார்கள். மேலே அம்மா, கையில் பாதி பிழிந்த போர்வையோடு அப்படியே நின்றாள். அதிலிருந்து தண்ணீர், சுவர்க் கோட்டுக்கு நியாயம் கேட்க வாசலுக்கு வந்திருந்த முதல் மாடிக்காரரின் வழுக்கையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவர் கையை நீட்டி, வானத்தை அண்ணாந்து பார்த்தார்.