மிச்சம் பிடித்த குற்றம்

பெற்ற மகளின் முகத்தைப் பார்க்க விலை ஆயிரத்து நானூற்று அறுபது. பஸ்ஸில் போய்வர அவ்வளவு ஆகும்.

மகளுக்கு நாலு மாதத்தில் தலைப்பிரசவம். "அம்மா, நீ பக்கத்துல இல்லன்னா எனக்குப் பயமா இருக்கும்மா" என்று போனில் அழுதாள். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தும்மினால்கூட ரசீது கேட்கிற ஜாதி.

"போகாதேன்னு யாரு சொன்னா? மாசம் நாலாயிரம் தர்றேன். சாப்பாட்டுச் செலவு போக மிச்சம் பூரா உன்னுது. அதுல போயிட்டு வா."

மனைவி சந்தைக்குக் கிளம்பினாள். காலையில் போகிறவன் காயை வாங்குவான், கடை கட்டும்போது போகிறவன் கடைக்காரியையே வாங்குவான். அவள் கடைசி ஆளாகப் போவாள். மூட்டையின் அடியில் தங்கிய பருப்பு, கீறல் விட்ட முட்டை, ஒரு பக்கம் நசுங்கிய தக்காளி என்று பார்த்துப் பார்த்து எடுப்பாள்.

"அக்கா, உங்களைப் பார்த்தாலே என் தராசு நடுங்குது" என்றாள் காய்கறிக்காரி.

"நடுங்கட்டும்டி. நடுங்கினாத்தான் முள்ளு என் பக்கம் சாயும். வெங்காயம் இருபத்தெட்டு, சரியா?"

"முப்பத்தாறு விக்குது. இருபத்தெட்டுக்குக் குடுத்தா நான் தோலைத்தான் திங்கணும்."

"தோலையும் பையில போடு. அதுக்கும் சேர்த்துத்தான் இருபத்தெட்டு."

மாதக் கடைசியில் நானூற்றுப் பத்து மிச்சம். பணத்தை மட்டும் எடுத்து வைத்திருந்தால் பிழைத்திருப்பாள். பேரம் பேசுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஜெயித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் ஜீரணம் ஆகாது.

"எதிர்வீட்டுக்காரி முப்பத்தாறுக்கு வாங்கின அதே வெங்காயம். நான் எவ்வளவுக்கு வாங்கினேன், சொல்லுங்க பார்ப்போம்!"

இருபத்தெட்டு என்று அவளே சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். மிச்ச நானூற்றுப் பத்தை வாங்கி எண்ணி, அவள் கையிலேயே திருப்பி வைத்தார். அடுத்த மாதத்துக்கு மூவாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு தந்தார்.

"என்னங்க, குறையுதே?"

"இவ்வளவுல குடும்பம் ஓடும்னு நீதானே நிரூபிச்சே? இத்தனை வருஷம் நான் ஏமாந்திருக்கேன்."

அன்றோடு பெருமை பேசுவதை நிறுத்தினாள். ஆனால் காலம் கடந்துவிட்டது. அவர் பையைக் கொட்டி, எடை போட்டு, விலை விசாரிக்க ஆரம்பித்திருந்தார். இரண்டாம் மாதம் முந்நூற்று எழுபது மிச்சம் பிடித்தாள், அதுவும் வெட்டு விழுந்தது. மூன்றாம் மாதம் இருநூற்றுத் தொண்ணூறு, அதற்கும் வெட்டு. திருடியிருந்தால் தப்பித்திருப்பாள். சாமர்த்தியசாலியாக இருந்ததால் மாட்டிக்கொண்டாள்.

நாலாம் மாதம் கைக்கு வந்தது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. எண்ணெய் விலை ஏறியிருந்தது. முட்டை அவருக்கு மட்டும், பருப்பில் பருப்பு அவருக்கு, தண்ணீர் இவளுக்கு. ரவிக்கை தொளதொளத்துத் தோளிலிருந்து நழுவியது. முந்நூற்றுத் தொண்ணூறு தேறியது. ஆக மொத்தம் சரியாக ஆயிரத்து நானூற்று அறுபது.

"சாயங்காலம் அஞ்சு மணி பஸ்" என்றாள், பையைக் கட்டிக்கொண்டே. "பத்து நாள்ல வந்துடறேன்."

"அப்ப எனக்குச் சாப்பாடு?"

"மெஸ்ஸுல சாப்பிடுங்க."

"ஒரு வேளைக்கு அறுபது. ரெண்டு வேளை, பத்து நாள், ஆயிரத்து இருநூறு. சாப்பாட்டுச் செலவுதானே? மிச்சத்துல கழிச்சுக்கணும். எடு."

அவள் பையைக் கீழே வைத்தாள். சந்தையில் நிற்கிற மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இந்த மாசம் நான் ஆக்கிப்போட்டதுல ஒரு தட்டு இருபத்தொண்ணு. மெஸ்ஸுல அறுபது. அப்ப முப்பத்தொம்பது என் கூலி. நாலு மாசம், இருநூத்தி நாப்பது தட்டு. ஒம்பதாயிரத்து முந்நூத்தி அறுபது எடுங்க."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"நியாயம். பெருக்கல் சரி. ஆனா நீயும் தின்னிருக்கேல்ல? இருநூத்தி நாப்பது தட்டு, இருபத்தொண்ணு. இரு, அய்யாயிரத்து நாப்பது. அப்புறம் கூரை. வாடகையில பாதி மாசம் ஆயிரத்து நூறு..."

"போடுங்க, போடுங்க. ஒண்ணும் விட்டுடாதீங்க."

பேனா ஓடியது. கூட்டினார். சந்தேகம் வந்து கீழிருந்து மேலாக இன்னொரு தரம் கூட்டினார். அவள் கூலியைக் கழித்துப் பார்த்தால், அவள்தான் எண்பது தர வேண்டியிருந்தது. மெஸ் ஆயிரத்து இருநூறும் சேர்த்து ஆயிரத்து இருநூற்று எண்பது.

"பாத்தியாடி!" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

பார்க்க ஆள் இல்லை. பையும் இல்லை. மணி ஐந்தேகால்.

நாலாம் நாள் மருமகன் போன் செய்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம்.

"உங்க அத்தை எப்ப வர்றா?"

"கேட்டேன் மாமா. உங்க கணக்குல ஒரு தப்பும் இருக்காது, நீங்களே வச்சுக்குங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

பத்து நாள் முடிந்தது. அவள் வரவில்லை. பதினொன்றாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் மெஸ் செலவை அவள் பெயரில் ஏற்றினார். பதின்மூன்றாம் நாள் வியாபார புத்தி விழித்தது. திரும்பி வராத ஆளுக்கு மேலும் மேலும் கடன் ஏற்றுகிறவன் முட்டாள். ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தார்.

பதினைந்தாம் நாள் முடிய, மனைவி பெயரில் பற்று ஆயிரத்து எழுநூறு. வரவு இல்லை.