ஆவணிக்கு ஒரு பேரிங்

முன் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை வெளியே இழுத்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேரிங்கைச் சுற்றியிருந்த கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. விரலில் வழித்துத் தேய்த்தால் நறநறவென்று ஆற்று மணல்.

"பிரேக்க மட்டும் பாத்தாப் போதும் அண்ணாச்சி. மிதிச்சா ஒரு பக்கமா இழுக்கு" என்றார் ஸ்ரீமதி அம்மா. "ஞாயித்துக்கெழம கடையநல்லூர்லருந்து துல்கர்னைன்னு ஒருத்தர் வந்து வண்டிய வெலைக்கு எடுத்துட்டுப் போறாரு."

அந்தப் பழைய ஃபியட்டை எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்ரீமதி அம்மாவின் வீட்டுக்காரர் வல்லிநாயகம் சார் ஒவ்வொரு ஆவணியிலும் சாரல் சீசன் முடிந்த கையோடு தென்காசியில் இருக்கிற என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவார். கையில் ஒரு பை நிறைய ரம்புட்டான் இருக்கும். பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, நான் திட்டத் திட்ட ஒவ்வொரு பழமாக உரித்து எனக்கும் நீட்டுவார். போன ஆவணியில் அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத் திட்டாமல் ஒரு ஆவணி போனது எனக்கு இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

"சக்கரத்தக் கழட்டாம பிரேக்கு பாக்க முடியாதும்மா. இந்தப் பேரிங்கோட குடுத்தா, வாங்குதவரு புளியறை மல எறக்கத்துல சக்கரத்தத் தேடிக்கிட்டு நிப்பாரு. ஓடி வந்த சூட்டோட வண்டியக் குளுந்த தண்ணியில எறக்குனா, சீல் தாண்டி தண்ணி உள்ள போயிரும். வருசா வருசம் சார்கிட்ட இதத்தான் சொல்லுவேன். தலய தலய ஆட்டுவாரு. அடுத்த ஆடியில திரும்பவும் எறக்கிருவாரு. நானும் ஆவணிக்கு ஒரு பேரிங் மாத்துவேன். வண்டி கழுவ வீட்டுல குழாயா இல்ல?"

கழற்றிப்போட்ட பேரிங்கை ஸ்ரீமதி அம்மா குனிந்து பார்த்தார்.

"வருசா வருசமா மாத்துனாக? எங்கிட்ட சொன்னதே இல்லியே."

நான் கையைத் துணியில் துடைத்தேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பட்டது.

"கழுவுறதுக்கு இல்ல அண்ணாச்சி. எனக்கு அருவிக் கூட்டத்துல நின்னா மூச்சு முட்டிரும். கல்யாணமான புதுசுல ஒருக்கா மயங்கியே விழுந்துட்டேன். அதுலருந்து அவுக அஞ்சருவி ரோட்டு ஓடையில வண்டிய எறக்கி, என் பக்கத்துக் கதவத் தொறந்து விட்டுருவாக. நான் சீட்டுல இருந்துக்கிட்டே காலத் தண்ணியில போட்டுக்கிடுவேன். இருட்டுத வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்."

இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏன் அத்தனை பேச்சுப் பேசப்போகிறேன்? சோம்பேறித்தனமாக ஆற்றில் வண்டி கழுவுகிற ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ பழத்தை உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து வேலையைப் பார்த்தேன்.

தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றினேன். ஹப்பைக் கழுவி, புதுப் பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக் கிரீஸ் திணித்து மாட்டினேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, இறுகியதும் கொஞ்சம் பின்னால் விட வேண்டும். இறுகியபடியே இருந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், ரொம்ப விட்டால் ஆடும். நட்டு கழலாதபடி பின்னைக் குத்தி மடக்கிவிட்டு, "சுத்திப் பாருங்க" என்றேன். ஸ்ரீமதி அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு கையால் தள்ளினார். சக்கரம் சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது.

"இனிமே தண்ணியில எறக்காதிய. வாங்குதவருகிட்டயும் சொல்லிருங்க."

சார் ஆட்டுகிற மாதிரியே தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் ஐந்தருவிப் பக்கம் நின்றுபோன ஒரு வேனைப் பார்த்துவிட்டு, சாரலில் நனைந்தபடி பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓடைக் கரையில் அந்த ஃபியட் நின்றது. முன் சக்கரங்கள் தண்ணீருக்கு ஒரு சாண் இப்பாலேயே நின்றுவிட்டன. இடப்பக்கத்துக் கதவு திறந்திருந்தது. ஸ்ரீமதி அம்மா தன் பழைய இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். கால் தண்ணீருக்கு எட்டவில்லை. ஸ்டியரிங் பக்கம் காலியாக இருந்தது.

என்னைக் கண்டதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எறக்கல அண்ணாச்சி. நீங்கதான சொன்னிய."

எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

"எறக்குங்கம்மா. ஆவணியில கொண்டாங்க, மாத்திக்கிடுவோம்."

"நாளைக்கு வாங்குதவரு வருவாரே."

நான் பைக்கை ஓரங்கட்டி நிறுத்தினேன். ஸ்ரீமதி அம்மா நீளச் சீட்டில் அப்படியே நகர்ந்து ஸ்டியரிங்குக்கு வந்தார். வண்டி உறுமி மெல்ல இறங்கியது. முந்தின நாள் நான் கிரீஸ் வைத்து மூடிய சக்கரம் பாதிக்கு முங்கியது. எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங் பக்கத்துக் கதவையும் திறந்து விட்டார். பிறகு மறுபடி இடப்பக்கம் நகர்ந்து போய், இரண்டு காலையும் ஓடையில் போட்டுக்கொண்டார். ஆள் இல்லாத பக்கத்துக் கதவு திறந்தபடியே இருக்க, சாரல் அந்த வழியாக சீட்டில் விழுந்துகொண்டிருந்தது.